டெடிக்கு ஒரு டாக்டர் மஃப்ளர்!

உங்க தலையணைக்குப் பின்னாடி ஒருத்தர் ஒளிஞ்சிருக்காரே... அவரைக் கொஞ்சம் வெளியே எடுங்க. ஃப்ரெண்ட்ஸ் ரூமுக்கு வந்தா போர்வைக்குள்ள போயிடுவார். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி மட்டும் மடியில வந்து உட்காருவார். ஆமா, உங்க டெடி பியர்தான். வெட்கப்படாதீங்க பாஸ், எல்லார் ரூம்லயும் ஒருத்தர் இருக்கார்!

இப்ப அவர் கழுத்தைப் பாருங்க. தொய்ஞ்சுபோய், தலை ஒரு பக்கமா சாயுதா? சாயத்தான் செய்யும். சின்ன வயசுல நாம அவரைத் தூக்கினதெல்லாம் கழுத்தைப் பிடிச்சுத்தானே! உள்ளே இருந்த பஞ்சு பாதி தலைக்கும் பாதி வயித்துக்கும் ஒதுங்கிப் போயிருக்கும். நடுவுல மிஞ்சியிருப்பது வெறும் துணிதான். பிரிச்சு புதுசா பஞ்சு அடைக்கலாம். ஆனா, நைஞ்சுபோன துணியில கத்தரி வைக்க யாருக்கு மனசு வரும்?

அதுக்குத்தான் இந்த ஐடியா. கழுத்தைச் சுத்தி கனமா ஒரு மஃப்ளர். அதுவும் சாதா மஃப்ளர் இல்லை... காலத்தையே தாண்டிப் போற ஒரு ஹீரோ போட்டிருந்த மஃப்ளர்!

‘டாக்டர் ஹூ’ கேள்விப்பட்டிருப்பீங்க. 1963-ல் பிபிசி ஆரம்பித்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர். ஹீரோ ஒரு வேற்றுக்கிரகவாசி. பேரே ‘டாக்டர்’தான். நீல நிற போலீஸ் பெட்டி ஒன்றுதான் அவரோட வண்டி. அதில் ஏறினால் எந்தக் காலத்துக்கும் எந்தக் கிரகத்துக்கும் போகலாம். நடிகர் மாறினாலும் கதை நிற்காது. டாக்டருக்கு உடம்பே மாறிவிடும், அவ்வளவுதான்!

1974 டிசம்பரில் நான்காவது டாக்டராக வந்தவர் டாம் பேக்கர். அவருக்கு ஒரு மஃப்ளர் வேணும்னு டிரெஸ் டிசைனர் ஜேம்ஸ் அச்சிசன் கலர் கலரா உல்லன் நூலை வாங்கி, பின்னுவதற்காக பெகோனியா போப் என்ற பெண்மணியிடம் கொடுத்தார். எவ்வளவு நீளம் வேணும்னு சரியா பேசிக்கலையோ என்னவோ, அந்தம்மா கொடுத்த நூல் மொத்தத்தையும் பின்னி முடிச்சுட்டாங்க! கழுத்தைச் சுத்திப் போட்ட பிறகும் ரெண்டு பக்கமும் தரை வரைக்கும் தொங்குது. வேற யாராவது இருந்திருந்தா பாதியை வெட்டியிருப்பாங்க. பேக்கர் அப்படியே போட்டுக்கிட்டு நடிச்சார். 1981 வரைக்கும் ஏழு வருஷம் அவர்தான் டாக்டர், மஃப்ளர்தான் அவரோட அடையாளம். அச்சிசன் பிற்பாடு சினிமாவுக்குப் போய் மூணு ஆஸ்கர் வாங்கினது தனிக்கதை.

நமக்கு இதுல என்ன லாபம் தெரியுமா? இது புதுசா பின்னக் கத்துக்கிறவங்களுக்காகவே அளவெடுத்த மாதிரி இருக்கும். ஒரே ஒரு வகைப் பின்னல்தான். பட்டைகள் ஒண்ணு அகலம், ஒண்ணு ஒல்லி, எந்த ஒழுங்கும் கிடையாது. ரெண்டு வரிசை கூடிப் போனாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது!

கடையில 8-ம் நம்பர் பின்னல் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர் ஊசி, ஒரு ஜோடி கேளுங்க. நூல் நடுத்தர கனம். அக்ரிலிக் போதும், நிஜக் கம்பளி வெந்நீர்ல பட்டா சுருங்கிடும். கலர் மொத்தம் ஏழு: ப்ரவுன், துருச் சிவப்பு, கடுகு மஞ்சள், சாம்பல், பச்சை, ஊதா, மணல் நிறம். ‘எல்லாத்துலயும் மிச்ச நூல் இருக்கா?’ன்னு வீட்டுல ஸ்வெட்டர் பின்னுற பாட்டி, சித்தி யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க. பாதி செலவு மிச்சம்.

உங்க டெடி 30 சென்டிமீட்டர் உயரம்னு வெச்சுக்குவோம். ஊசியில 10 கண்ணி ஏத்துங்க. அகலம் நாலரை சென்டிமீட்டர் வரும். இனி ஒவ்வொரு கண்ணியா... இடது ஊசியில இருக்கிற கண்ணிக்குள்ள வலது ஊசியை நுழைச்சு, நூலை ஒரு சுத்து சுத்தி, அந்தச் சுத்தை வெளியே இழுத்து, பழைய கண்ணியை நழுவ விடணும். வரிசை முடிஞ்சா ஊசியைக் கை மாத்தி மறுபடி அதே வேலை. அவ்வளவுதாங்க!

பத்து கண்ணி திடீர்னு பதிமூணு ஆயிடும். பதறாதீங்க, எல்லாருக்கும் ஆகும். வரிசை ஆரம்பிக்கும்போது நூல் ஊசிக்கு மேலே ஏறி நின்னா, முதல் கண்ணி ரெண்டு கண்ணி மாதிரி தெரியும். நாமளும் அதை ரெண்டாவே பின்னிடுவோம். நூலைக் கீழே இழுத்துட்டு ஆரம்பிச்சா பிரச்னை இல்லை. அஞ்சு வரிசைக்கு ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

கலர் மாத்துறதுலயும் ஒரு சின்ன ரகசியம் உண்டு. எப்பவும் இரட்டைப்படை வரிசைகள் முடிச்சுட்டுத்தான் அடுத்த கலர். அப்பத்தான் எல்லா மாற்றமும் ஒரே பக்கத்துல நடக்கும். முன்பக்கம் கோடு போட்ட மாதிரி சுத்தமா இருக்கும், புள்ளி புள்ளியா தெரியுறதெல்லாம் பின்பக்கம் போயிடும்.

நீளம்? டெடியோட உயரத்தைப் போல மூணு மடங்கு. 90 சென்டிமீட்டருக்குச் சுமார் 360 வரிசை, 3,600 கண்ணி. மலைப்பா இருக்கா? நிமிஷத்துக்கு 15 கண்ணி பின்னினா நாலு மணி நேரம்தான். ரெண்டு சினிமா பார்க்குற நேரம்! கடைசியில ரெண்டு முனையிலயும் ஏழு கலர்லயும் குஞ்சம் கட்டிடுங்க. கழுத்தை ரெண்டு சுத்து சுத்தி, தாடைக்குக் கீழே கொஞ்சம் இறுக்கமா விடுங்க. சாய்ஞ்ச தலை நிமிர்ந்து உட்காரும். பத்து வருஷத்துக்கு அப்புறம் அவர் உங்களை நேரா பார்ப்பார்! (வீட்டுல கைக்குழந்தை இருந்தா மட்டும் நீள மஃப்ளர் வேண்டாம், அது கழுத்துல சுத்திக்கும்.)

மஃப்ளர் முடிஞ்சு கை பழகிட்டா, அடுத்து ஈவாக் முக்காடு. 1983-ல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை’ படத்துல வர்ற குட்டிக் காட்டுவாசிகள் பார்க்கிறதுக்கே டெடி மாதிரிதான் இருப்பாங்க. ஒரு முக்காடு போட்டு, காதுக்கு ரெண்டு ஓட்டை விட்டா வேலை முடிஞ்சது. ஸ்வெட்டர் மட்டும் அவசரப்பட்டு ஆரம்பிக்காதீங்க. டெடிக்கு உடம்பை விட தலை பெருசு, கழுத்து வழியா நுழையவே நுழையாது. முன்பக்கம் பட்டன் வெச்சுத்தான் ஆகணும்.

‘சூப்பரா வந்திருக்கே, பத்து பின்னி வித்தா பாக்கெட் மணி ஆச்சே’ன்னு தோணும். அங்கதான் சிக்கல். டாக்டர் ஹூவில் வரும் ஜந்துக்களைப் பின்னுவது எப்படின்னு ஒரு ரசிகை இலவசமா செய்முறை எழுதினார். அதை வெச்சு யாரோ பொம்மை செஞ்சு ஏலத்துல விற்க, 2008-ல் பிபிசி தரப்பு தலையிட்டது. காசே வாங்காத ரசிகை செய்முறையை எடுக்க வேண்டியதாச்சு. முன்னாடி இதே பிபிசிதான், மஃப்ளர் பின்னும் முறை கேட்டு எழுதின ரசிகர்களுக்குத் தபால்ல அனுப்பிக்கிட்டிருந்தது!

2013-லயும் ஒரு கூத்து. ‘ஃபயர்ஃப்ளை’ தொடர்ல ஜெய்ன் என்ற முரடனுக்கு அவன் அம்மா ஆரஞ்சும் மஞ்சளுமா ஒரு குல்லா பின்னி அனுப்புவாங்க. அதைக் கையால பின்னி வித்துக்கிட்டிருந்த ரசிகர்களுக்கு, ஒரு கம்பெனி குல்லாவைத் தயாரிக்க அதிகாரபூர்வ உரிமம் வாங்கின பிறகு, ஃபாக்ஸ் நிறுவனம் நோட்டீஸ் விட்டது. ஒரு அம்மா பின்னினதா கதையிலேயே சொல்லிட்டு, கையால பின்னாதேன்னா எப்படி? எனக்கு இன்னும் ஜீரணமாகலை. ஆனா சட்டம் அவங்க பக்கம்தான். அதனால உங்க டெடிக்குப் பின்னுங்க, ஃப்ரெண்டோட டெடிக்கு கிஃப்ட் பண்ணுங்க. கடை மட்டும் போட்டுடாதீங்க.

விண்வெளிக்கோட்டே வேணும்னு அடம்பிடிக்கிற டெடியும் இருப்பார். அவருக்கு முன்னோடிகள் உண்டு. 2008 டிசம்பர்ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஹீலியம் பலூன்ல நாலு டெடிகளைச் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினாங்க. அதுங்களுக்கு விண்வெளி உடை டிசைன் பண்ணினது 11 முதல் 13 வயசு வரையிலான பள்ளிக் குழந்தைகள். மைனஸ் ஐம்பது டிகிரிக்கும் கீழே போற குளிரை எந்தத் துணி தாங்கும்னு பார்க்கிறதுதான் சோதனை.

நம்ம ஆள் போற அதிகபட்ச உயரம் கட்டில்ல இருந்து பீரோ மேலே வரைக்கும்தான். அவருக்கு மஃப்ளர் போதும். முதல் பத்து கண்ணியை இன்னிக்கு ராத்திரியே ஏத்திடுங்க!