ஈரம் ஓரிடம், கசிவு வேறிடம்

குளியலறைச் சுவரின் மறுபுறம் பெயின்ட் உப்பி உதிர்கிறது. அந்த இடத்தில் உடைத்துப் பார்த்தால் குழாய் நன்றாகவே இருக்கிறது. செங்கல்லிலும் சிமென்ட் பூச்சிலும் உள்ள நுண்துளைகள், விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, தண்ணீரை மேலேயும் பக்கவாட்டிலும் இழுத்துச் செல்லும். கசிவு சில அடி தள்ளி இருக்கலாம்.

அதனால் சுத்தியலை எடுக்கும் முன் ஒரு சோதனை. இரவில் மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீர் வரும் குழாயில்தான் கோளாறு. இறங்கவில்லை என்றால் கழிவுநீர்க் குழாயையும் டைல்ஸ் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கியதற்கு ஃபிளஷ் டேங்கும் காரணமாக இருக்கலாம், அது சத்தமில்லாமல் ஒழுகும். அதில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு வையுங்கள். ஃபிளஷ் செய்யாமலே கோப்பையில் நீலம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது. தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனுக்கும் தனி வால்வு இருந்தால், ஓர் இரவுக்கு ஒரு லைனாக மூடிப் பார்த்தே ஒழுகும் லைனைப் பிடித்துவிடலாம். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால்கூட ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர் வீண்.

இப்போது கட்டும் வீடுகளில் பெரும்பாலும் கிரீம் நிற சிபிவிசி குழாய்தான். இதில் குழாய் நடுவே விரிசல் விடுவதைவிட ஜாயின்ட்டில் கசிவதே அதிகம். காரணம், அந்த ஜாயின்ட் உருவாகும் விதம். சால்வென்ட் சிமென்ட் வெறுமனே இரண்டு பரப்புகளைப் பிடித்து வைக்கும் பசை அல்ல. குழாயின் வெளிப்பரப்பையும் ஃபிட்டிங்கின் உட்பரப்பையும் அது கரைத்து இளக்குகிறது. இரு பக்கத்து பாலிமர் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகுகின்றன.

ஒழுகிய எல்போ ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். நன்றாகச் சேர்ந்த இடத்தில் குழாய் எது, எல்போ எது என்று பிரிக்க முடியாது. கெட்ட இடத்தில் குழாயின் பழைய வழவழப்பு அப்படியே இருக்கும். அந்தத் திட்டின் வழியாக நூல் கனத்தில் ஒரு தடம் ஓடும். தூசி இருந்திருக்கும், அல்லது வால்வை மூடிய பிறகும் சொட்டிக்கொண்டிருந்த ஈரத்தின் மேலேயே சிமென்ட் தடவியிருப்பார்கள். லைனில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடித்துத் துடைக்காமல் ஒட்டவே விடாதீர்கள். ஃபிட்டிங்கின் உள்வாய் போகப் போகக் குறுகுவதால், செருகிய குழாயை அது வெளியே தள்ளப் பார்க்கும். கால் சுற்று திருப்பிச் செருகிய பின் அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பது அதற்காகத்தான். காயும் நேரம் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். முடிந்தால் ஓர் இரவு விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுத் திறந்த வால்வினால் வீணான ஜாயின்ட்டுகள் ஏராளம்.

பிவிசி சிமென்ட்டைச் சிபிவிசிக்குப் போடக் கூடாது. பிவிசியில் எடைக்குச் சுமார் 57 சதவீதம் குளோரின். சிபிவிசியில் அது 63 சதவீதத்துக்கும் மேல். அந்தக் கூடுதல் குளோரின்தான் அதை 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வைக்கிறது, எளிதில் கரையாமலும் வைக்கிறது. சாதாரண பிவிசி 60 டிகிரியிலேயே வலுவிழந்துவிடும். கீசர் லைனில் அதைப் பொருத்துவது ஆபத்து.

ஒழுகும் ஜாயின்ட்டின் மேல் எம்-சீல் அப்புவதை ஓர் இரவுக்கான முதலுதவியாக மட்டும் ஏற்கலாம். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் உள்ளிருந்து அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குழாயும் சும்மா இருப்பதில்லை. 10 மீட்டர் சிபிவிசி குழாய் 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 சென்டிமீட்டர் நீளும். மாடி வெயிலில் கிடக்கும் லைன் தினமும் நீண்டு சுருங்கும்போது, மேலே அப்பியது விரிசல் விட்டுப் பெயர்ந்துவிடும். அந்த ஜாயின்ட்டை அறுத்தெடுத்துப் புதிதாகப் போடுவதே சரி. கிளாம்ப்பை இறுக்கி முடுக்காமல் குழாய் அசைய இடம் விடுங்கள். வெயில் படும் குழாய்க்குத் தண்ணீரில் கரையும் வெள்ளை எமல்ஷன் அடித்தால் புற ஊதாக் கதிரால் அது நொறுங்கிப்போவது தள்ளிப்போகும்.

பழைய வீடுகளில் இருக்கும் ஜிஐ குழாயின் கதை வேறு. துத்தநாகப் பூச்சு கரைந்ததும் இரும்பு துருப்பிடித்து உள்ளே முடிச்சு முடிச்சாக வளரும். அரை அங்குலக் குழாயை அறுத்தால் பென்சில் நுழையும் அளவுக்கே வழி இருக்கும். ஒரு துண்டை மாற்றப் போய் ரென்ச்சால் திருகும்போது, அடுத்த ஜாயின்ட்டின் துருவேறிய மரை ஆட்டம் கண்டு அங்கே ஒழுக ஆரம்பிக்கும். அந்த நிலைக்கு வந்த லைனுக்கு ஒட்டுப்போட்டுச் செலவழிக்க வேண்டாம், முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

எதைத் தள்ளிப்போட்டாலும் தள்ளிப்போடக் கூடாதது, தெருவிலிருந்து சம்ப்புக்கு வரும் குழாயின் கசிவு. நம் ஊர்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. வரும்போது அந்தத் துளை வழியாக நல்ல தண்ணீர் வெளியேறும். நின்றதும் குழாயில் அழுத்தம் குறைந்து, சுற்றி நிற்கும் அழுக்கு நீர் அதே துளை வழியாக உள்ளே போகும். குழாய் சாக்கடையை ஒட்டிப் போனால் காலராவும் டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் வர அதுவே வழி. சரிசெய்த பின் முதலில் வரும் தண்ணீரைச் சம்ப்பில் விடாமல் வெளியே ஓடவிடுங்கள். சம்ப்பைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் விட்டு அலசிய பிறகே குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரை எடுங்கள்.