கம்பளி நூலும் காது மெஷின் பேட்டரியும்

1972இல் ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் ‘எம்-1’ என்றொரு கேமராவை வெளியிட்டது. வடிவமைத்தவர் யோஷிஹிசா மைதானி. லைக்கா நிறுவனம் ஆட்சேபிக்கவே, அடுத்த ஆண்டே அதன் பெயர் ‘ஓஎம்-1’ ஆயிற்று. ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். பேட்டரி இல்லாமலே படம் எடுக்கும். ஐம்பது வருடம் தாண்டியும் அந்த உலோகப் பாகங்கள் பெரும்பாலும் ஒழுங்காக ஓடுகின்றன. முதலில் கெட்டுப்போவது ஸ்பாஞ்ச்.

பின்கதவு பொருந்தும் பள்ளங்களில் வெளிச்சம் புகாதிருக்கக் கறுப்பு பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்க, ஒருநாள் அது தார் மாதிரி பிசுபிசுக்கும். கலர் படத்தில் ஆரஞ்சு நிறக் கீற்று விழுகிறதா? ஆசாமி பெரும்பாலும் இவர்தான்.

மாற்றச் செலவு அதிகமில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் பழைய பிசினை ஊறவைத்து, பல்குத்தும் குச்சியால் சுரண்டுங்கள். திறந்த பின்பக்கம் தரையைப் பார்க்கும்படி கேமராவைப் பிடித்தால் துகள்கள் கீழே விழும், ஷட்டர் திரையில் ஒட்டாது. அந்தத் திரையை மட்டும் தொடவே கூடாது. பள்ளம் சுத்தமானதும் கறுப்புக் கம்பளி நூலை அதில் வைத்துக் குச்சியால் அழுத்துங்கள். கீல் பக்கத்துக்கு மெல்லிய ஃபெல்ட் துணிப் பட்டை. தடிமன் கூடினால் கதவு மூடாது. வலுக்கட்டாயமாக மூடினால் தாழ்ப்பாள் தளர்ந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. ஓஎம்-1இன் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கென்று அளந்து செய்யப்பட்டது. பாதரசம் நஞ்சென்று பல நாடுகள் தடை செய்ததால் அது இப்போது கடைகளில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், மானி பிசகும், பேட்டரி தேயத் தேயப் பிசகின் அளவும் மாறும். காது மெஷினுக்குப் போடும் 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி சுமார் 1.4 வோல்ட்டில் நிலையாக நிற்கும். அகலம் குறைவு என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள். ஸ்டிக்கரை உரித்தால் சில வாரங்கள்தான் ஓடும், ஆனாலும் விலை மலிவு.

வ்யூஃபைண்டரில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் விஷயம் வேறு. மேலே முப்பட்டகத்தை ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் அதன் வெள்ளிப் பூச்சையே அரித்திருக்கும். மூடியைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது. மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. ஜப்பானியத் திருகுகளின் தலை சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்கு ஒத்துவராது. மழுங்கிவிட்டால் மெக்கானிக்கும் திணறுவார்.

நூல் வைத்த வேலை சரியா என்று பார்க்க, ஃபிலிம் போட்ட கேமராவைச் சிறிது நேரம் வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு ரோலைக் கழுவக் கொடுங்கள். கிடைமட்டப் படத்தின் மேல்விளிம்பில் கீற்று இருந்தால் கேமராவின் அடிப்பள்ளத்தைப் பாருங்கள். பிம்பம் ஃபிலிமில் தலைகீழாகத்தானே விழுகிறது. இடது ஓரத்தில் இருந்தால் கீல் பக்கத்து ஃபெல்ட்டை.