புதுக் கருவிக்கு மோட்டார் சாவியைக் கொடுக்கும் முன்...

தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வருபவரிடம் முதல் நாளே மோட்டார் அறைச் சாவியைக் கொடுத்துவிட மாட்டோம். யார், எந்த ஊர், யார் சொல்லி வந்தார் என்று விசாரிப்போம். ஆனால், கடையில் வாங்கிய செல்போன் ஸ்டார்ட்டருக்கும் சென்சாருக்கும் அதே சாவியை ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்துவிடுகிறோம்.

தென்காசி மாவட்டம் வடகரை, பண்பொழி, மேக்கரை பகுதியின் மலையடிவாரத் தோப்புகளில் காட்டு யானைகள் இறங்குவது அடிக்கடி நடக்கிறது. இரவில் மோட்டார் போட தோப்புக்குள் போவதே ஆபத்து என்பதால், வீட்டிலிருந்தே செல்போனில் மோட்டாரை இயக்கும் கருவி இங்கே உயிர்க்காவல் போன்றது. வேளாண்மைப் பொறியியல் துறையும் இதற்கு மானியம் தருகிறது. சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம் அல்லது அதிகபட்சம் ரூ.7,000, மற்றவர்களுக்கு 40 சதவீதம் அல்லது அதிகபட்சம் ரூ.5,000.

முதலில் ஸ்டார்ட்டர் வரும். பிறகு மண் ஈரப்பத சென்சார், சொட்டுநீர்க் குழாய்க்கு சோலனாய்டு வால்வு, தொட்டிக்கு நீர்மட்டக் கருவி, யானையைப் பார்க்க கேமரா என்று ஒவ்வொன்றாகச் சேரும். சேர்கிற ஒவ்வொரு கருவியும் தோட்டத்துக்கு இன்னொரு வாசல். அதில் ஒன்று திறந்து கிடந்தாலும், வால்வுகள் மூடியிருக்கும்போது மோட்டார் ஓடி குழாய் வெடிக்கலாம். தண்ணீரில்லாக் கிணற்றில் ஓடி காயில் கருகலாம். கிணற்றுக்குள் ஆள் இறங்கியிருக்கும்போது ஓடினால் இழப்பு பணத்தோடு நிற்காது.

வெளியே நடந்தவை

2016-ல் 'மிராய்' என்ற கெடு நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் இணைய ரவுட்டர்களையும் தேடிப் பிடித்தது. சுமார் 60 பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளை அது வசப்படுத்தியது. 2023 ஏப்ரலில் இஸ்ரேலின் ஜோர்டான் பள்ளத்தாக்கில் இணையத் தாக்குதலால் பாசனக் கட்டுப்பாட்டுக் கருவிகள் சில முடங்கின.

சேர்க்கும்போது செய்ய வேண்டியவை

1. முதல் வேலை பாஸ்வேர்டு. 1234, 0000 போன்ற எண்ணோடு வரும் கருவியை, மோட்டாரோடு இணைக்கும் முன்பே வேறு எண்ணுக்கு மாற்றுங்கள். வண்டி எண், பிறந்த ஆண்டு வேண்டாம். பாஸ்வேர்டை மாற்றவே முடியாத கருவி என்றால் வாங்காதீர்கள்.

2. ஸ்டார்ட்டரில் போடும் சிம் கார்டு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மோட்டாரை இயக்க அனுமதிக்கும் எண்கள் இரண்டு, மூன்றுக்கு மேல் வேண்டாம். வேலையை விட்டுப் போனவரின் எண்ணை அன்றே நீக்குங்கள். துண்டிக்கப்பட்ட செல்போன் எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். பழைய எண் பட்டியலில் இருந்தால், முகம் தெரியாத ஒருவரின் மிஸ்டு காலுக்கும் உங்கள் மோட்டார் ஓடும்.

3. கம்பியில்லா சென்சார், வால்வுகளைச் சேர்க்கும்போது கட்டுப்பாட்டுப் பெட்டியில் 'புதிய கருவி சேர்' என்ற வசதியைத் திறப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கருவியை மட்டும் சேர்த்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்து, உடனே அந்த வசதியை மூடிவிடுங்கள். திறந்தே கிடந்தால், அருகில் உள்ள வேறு கருவியும் உள்ளே வந்துவிடலாம்.

4. லோரா வகை சென்சார்களின் அட்டையிலோ ஸ்டிக்கரிலோ ரகசியக் குறியீடு அச்சிட்டிருக்கும். கியூஆர் வடிவிலும் இருக்கலாம். கருவியின் பூட்டுச் சாவி அதுதான். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஸ்டிக்கரைப் பத்திரப்படுத்துங்கள்.

5. கேமராவையும் மோட்டார் கட்டுப்பாட்டையும் ஒரே வைஃபையில் வைக்காதீர்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினருக்கான தனி இணைப்பு உண்டு. கேமராவை அதில் போடுங்கள்.

பொருத்தியவர் போன பிறகு

2000-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில் கழிவுநீர் பம்புகள் தாறுமாறாக இயங்கின. சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் நீர்நிலைகளிலும் பாய்ந்தது. காரணம், அந்தக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்திய நிறுவனத்தில் வேலை பார்த்து விலகிய ஒருவர். மடிக்கணினியும் ரேடியோ கருவியும் வைத்தே அதைச் செய்தார்.

பொருத்த வருபவர் எல்லோரும் அப்படியல்ல. ஆனாலும் வேலை முடிந்ததும் அவருடைய எண்ணை நீக்கச் சொல்லி, அவர் கண்முன்னே பாஸ்வேர்டை மாற்றுவது இரு தரப்புக்கும் நல்லது. பழுது என்றால் அப்போது மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். கருவியை விற்கும்போதும், மாற்றிக்கொள்ளக் கொடுக்கும்போதும் ரீசெட் செய்து, சிம்மைக் கழற்றிக் கொடுங்கள்.

கை சுவிட்ச் எப்போதும் வேண்டும்

எந்தத் தானியங்கிக் கருவியானாலும் கையால் இயக்கும் வசதி தனியாக இருக்க வேண்டும். சிக்னல் இல்லாத நாளில் பயிர் காயக்கூடாது. கிணற்றில் இறங்கும் முன், மோட்டாரைத் தொடும் முன், செல்போனில் 'ஆஃப்' செய்தால் போதும் என்று நம்பாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்றி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேளாண் அலுவலர்கள் கருவியைச் செயல்விளக்கம் காட்டும் நாளிலேயே பாஸ்வேர்டு மாற்றுவதையும் விவசாயியின் கையாலேயே செய்ய வைக்கலாம். ஒரு நோட்டில் கருவியின் பெயர், சேர்த்த தேதி, சிம் எண், அனுமதித்த எண்கள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம்.

ஏற்கெனவே செல்போன் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒரு சோதனை செய்து பாருங்கள். பட்டியலில் இல்லாத பக்கத்துத் தோட்டக்காரர் போனிலிருந்து உங்கள் ஸ்டார்ட்டருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள். மோட்டார் ஓடினால், பாஸ்வேர்டையும் எண் பட்டியலையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.