ரோட் எப்படிச் ‘சுழயன’ ஆனது?

கோயில் பரிபாலன சபைக்காக அப்பா பத்து வருடமாகத் தட்டச்சிட்ட கடிதங்கள் எங்கள் வீட்டு மடிக்கணினியில் கிடக்கின்றன. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்ட அன்று பின்னேரம், அதில் ஒன்றைத் திறந்து பார்த்தார். ‘திருகோணமலை’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, பி, யூ, என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்று பத்து ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன.

“என்ன மகன், நான் அடிச்சதெல்லாம் எங்க?”

கடிதம் அழியவில்லை. அவர் அடித்த ஓர் எழுத்தும் மாறவில்லை. இயங்குதளத்தை மாற்றுவது என்றாலே எல்லோரும் அதை நிறுவும் வேலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தமிழில் எழுதுகிறவருக்கு உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்.

மாற வேண்டி வந்த கதை

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குப் பிறகும் ஓராண்டு கிடைக்கும் என்று அறிவித்தது. ஆதரவு நின்றால் கணினி நின்றுவிடாது. புதிதாக வெளிப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஓட்டை வள்ளம் கரையோரம் மிதக்கும். அதில் ஆழ்கடலுக்குப் போக முடியாது. அதுபோல, ஆதரவற்ற கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது புத்தியல்ல.

விண்டோஸ் 11க்கு ஏறலாமென்றால் அது டிபிஎம் 2.0 கேட்கிறது. மறைகுறியாக்கச் சாவிகளை மற்ற நிரல்களின் கை படாமல் பூட்டி வைக்கும் பாதுகாப்புப் பெட்டகம் அது. இன்டெல் செயலி என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அது சந்தைக்கு வந்ததே 2017இல்தான். எங்களுடையது ஐந்தாம் தலைமுறை. திரை, விசைப்பலகை எதிலும் குறையில்லை. ஆனாலும் கடையில், “இது இனிச் சரிவராது, புதுசு ஒண்டு எடுங்கோ” என்றார்கள். இப்படி ஒதுக்கப்படக்கூடிய கணினிகள் உலகெங்கும் 24 கோடி இருக்கும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இல் கணக்கிட்டது. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியதைப் பார்த்த நாட்டில், ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட மனம் வராது.

கொடி மாறினாலும் ஆழம் மாறாது

பள்ளிப் பாடப்புத்தகம் ‘பணிசெயல் முறைமை’ என்று சொல்லும் இந்த இயங்குதளச் சங்கதியைத் திருகோணமலைக்காரருக்கு விளக்குவது சுலபம். நம் துறைமுகத்தையே பாருங்கள். 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1957இல் பிரித்தானியர் தங்கள் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தார்கள். இத்தனை கொடி மாறியும் உட்துறைமுகத்தின் ஆழம் அப்படியேதான் இருக்கிறது. கணினியின் செயலி, நினைவகம், வன்தட்டு எல்லாம் அந்த ஆழம் மாதிரி. இயங்குதளம் அங்கே நடக்கும் நிர்வாகம். எந்தக் கப்பலுக்கு எந்த இறங்குதுறை, எத்தனை மணி நேரம் என்று துறைமுகம் பங்கிடுவதுபோல, எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், செயலியில் எத்தனை மில்லி விநாடி என்று பங்கிடுவது இயங்குதளத்தின் கருனி.

வெளியூர்க் கப்பல் உள்ளே வரும்போது இங்கத்தைய பாறையும் நீரோட்டமும் தெரிந்த பைலட் ஒருவர் அதில் ஏறிக்கொள்வார். பிரிண்டருக்கும் வைஃபைக்கும் அந்தப் பைலட் வேலையைச் செய்வது டிரைவர் என்கிற சிறு நிரல். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கருனியோடு சேர்ந்தே வருகின்றன. தயாரிப்பாளர்கள் உள்விவரம் கொடுக்காத சில கருவிகளுக்குத்தான் பைலட் கிடைப்பதில்லை. மாறும் முன் உங்கள் பிரிண்டரின் மாதிரி எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அந்தக் கருனியை எழுதத் தொடங்கியதை 1991 ஆகஸ்ட் 25ஆம் திகதி உலகுக்கு அறிவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள் அதனோடு சேர்ந்தன. உபுண்டு, மின்ட் எல்லாம் அந்த வழியில் வந்த தொகுப்புகளே. மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது இவற்றின் அடிப்படை.

இந்தக் கரைக்கு அந்த மரபு அந்நியமில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் கடல் ஏறியபோது, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். மூல நிரல் திறந்தே இருந்ததால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கும் அதுவே எடுத்தாளப்பட்டது.

பென் டிரைவில் வெள்ளோட்டம்

மின்ட் தொகுப்பு சுமார் 3 ஜிபி. தரவிறக்கி, ரூஃபஸ் என்ற நிரலால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதினேன். கோப்பை வெறுமனே கொப்பி பண்ணினால் போதாது. கணினி விழித்தெழும்போது தேடுகிற தொடக்க நிரல் அதற்குரிய இடத்தில் இருக்க வேண்டும். ரூஃபஸ் செய்வது அதைத்தான். கணினியைப் போட்டவுடன் எஃப்12ஐத் தட்டி (கணினிக்குக் கணினி இந்த விசை மாறும்) பென் டிரைவைத் தெரிவு செய்தால், வன்தட்டில் கை வைக்காமலே முழு இயங்குதளமும் எழுந்து ஓடும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் அசைகிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டால் பழைய விண்டோஸ் வந்துவிடும்.

எல்லாக் கோப்புகளையும் வேறொரு தட்டில் பிரதி எடுத்த பிறகுதான் நிறுவலில் இறங்கினேன். ‘தட்டை அழித்து நிறுவு’ என்ற தெரிவு சொன்னபடியே செய்யும், இரண்டாம் தடவை யோசிக்க விடாது. வன்தட்டைப் பிரித்து எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் வம்புதான். மடிக்கணினிக்கு அதன் பட்டரி காவல். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடக்கூடாது.

106உம் 2980உம்

இனி அப்பாவின் கடிதத்துக்கு வருவோம். அவர் அடித்தது பாமினியில். கணினி எழுத்தை எழுத்தாகச் சேமிப்பதில்லை, எண்ணாகச் சேமிக்கிறது. ஆங்கிலச் சிறிய ஜேயின் எண் 106. பாமினி அந்த எண்ணுக்கு எதிரே ‘த’ என்ற வடிவத்தை வரைந்து வைத்திருக்கும் எழுத்துரு. கோப்புக்குள் கிடப்பது 106தான். தமிழ் வேடம் போடுவது எழுத்துரு. புதிய இயங்குதளத்தில் பாமினி இல்லை, வேடம் கலைந்துவிட்டது.

யுனிகோட் என்ற எழுத்துக் குறியீட்டு முறை இதற்கு நேர்மாறு. அங்கே ‘த’வுக்கென்றே சொந்த எண் உண்டு: 2980. டோர்வால்ட்ஸ் அறிவிப்பு வந்த அதே 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் 2980 ‘த’தான்.

அவசர வைத்தியம் எளிது. பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினேன். கடிதம் பழையபடி தமிழில் தெரிந்தது. நிரந்தர வைத்தியம், பாமினியை யுனிகோடாக மாற்றுவது. எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் ஆகாது. பாமினி தட்டச்சுப்பொறியின் வழி வந்தது. ‘கோ’வுக்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகளை வைக்கும். யுனிகோட் ஒலி வரிசையில் ‘க’வையும் ஓகாரக் குறியையும் இரண்டாக வைக்கும். மாற்றும் நிரல் இடம் பெயர்த்து, ஒட்டிச் சேர்க்கவும் வேண்டும்.

ஆங்கிலம் கலந்த கடிதத்தில்தான் வேடிக்கை. உரையை மட்டும் வெட்டி மாற்றியில் ஒட்டினால், எந்தச் சொல் பாமினி, எந்தச் சொல் ஆங்கிலம் என்ற தகவல் போய்விடும். அப்பா முகவரியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த ‘ரோட்’, ‘சுழயன’ என்று வெளியே வந்தது. ஆர் ‘சு’, ஓ ‘ழ’, ஏ ‘ய’, டி ‘ன’. மாற்றியின் மீது குற்றமில்லை. அதற்குத் தெரிந்த ஒரே மொழியில் வாசித்திருக்கிறது. பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் தெரிந்தெடுத்து மாற்றினால் இந்தக் கூத்து வராது.

பழைய கோப்புகளின் தொல்லை எங்களுக்கு மட்டுமல்ல. ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. சுமார் 15,000 கணினிகளை மாற்றி முடிக்க 2013 ஆகிவிட்டது. அங்கேயும் அலுவலகங்களில் குவிந்திருந்த படிவங்களையும் மேக்ரோக்களையும் புதிய வடிவத்துக்குக் கொண்டுவருவது பெரிய வேலையாக இருந்தது. 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று நகரசபை வாக்களித்தது. நாம் ஒரு வீட்டுக்காரர், ஒரு கோப்புறையோடு தப்பினோம்.

பாமினி பழகிய கைக்கு ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு அவ்வளவு அந்நியமாக இராது. இலங்கைத் தரமாக ஏற்கப்பட்ட அது லினக்ஸிலும் கிடைக்கிறது. விரல் போகும் பாதை பெரிதாக மாறாமல், கோப்பில் விழும் எண் மட்டும் மாறுகிறது.

கடிதங்களை மாற்றி முடித்த இரவு, தேடல் பெட்டியில் ‘திருகோணமலை’ என்று அடிக்கச் சொன்னேன். பாமினிக் காலத்தில் யுனிகோடில் அடித்துத் தேடினால் ஒன்றும் கிடைத்ததில்லை. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்புகளில் தமிழே இல்லை. இப்போது கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒன்றைத் திறந்தவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு சிரித்தார். “உட்துறைமுக சுழயன. இதை நீ விட்டிட்டாய் மகன்.”

அந்தச் சொல்லை அழித்தார். மறுபடி ரோட் என்று எழுதவில்லை. ‘வீதி’ என்று அடித்துச் சேமித்தார்.