இலைச்சாறு வைரஸை வெல்லுமா?

2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது. மைசூருவானாலும் மதுரையானாலும், காய்ச்சல் என்றதும் பலரும் தேடி ஓடுவது பப்பாளி மரத்தைத்தான். இலையின் நரம்பை நீக்கி, மிக்ஸியில் அரைத்து, துணியில் பிழிந்தால் கரும்பச்சைச் சாறு இறங்கும். கசப்பில் குழந்தைகள் குமட்டுவார்கள்; ஆனாலும் விடமாட்டோம்.

தட்டணு ஏறினால் போதுமா?

இந்தச் சாறு, டெங்குவில் குறைந்துபோகும் ரத்தத் தட்டணுக்களைச் (பிளேட்லெட்) சற்று விரைவாக ஏற்றுவதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. டெங்கு வைரஸை ஒழிக்கும் என்பதோ, உயிரைக் காக்கும் என்பதோ நிரூபணமாகவில்லை. தட்டணு பெரும்பாலும் தானாகவே மீளும். உயிருக்கு உலை வைப்பது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதுதான். அது மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்குகிறது. "ஜுரம் விட்டுப்போச்சு" என்று வீடு நிம்மதி அடையும் நேரம் அது.

மஞ்சளும் கீழாநெல்லியும்

பப்பாளி போல மஞ்சளுக்கும் ஒரு கதை உண்டு. மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பொருள்களில் மஞ்சளும் ஒன்று. அதிலுள்ள குர்க்குமின் ஆய்வகத்தில் பல வைரஸ்களைத் தடுக்கிறது. ஆனால் வாய்வழி உட்கொண்டால் குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும். உறிஞ்சியதையும் கல்லீரல் சீக்கிரமே உருமாற்றிவிடும். குப்பியில் ஜெயித்தது உடம்பில் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

கீழாநெல்லியின் கதை இன்னும் முக்கியமானது. கன்னடத்தில் நெலநெல்லி. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, நோபல் அறிஞர் புளும்பெர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்ததில், 59 சதவீதத்தினரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 4 சதவீதம்தான். உலகமே நிமிர்ந்து பார்த்தது. பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. இதில் மூலிகைக்கு அவமானம் ஏதுமில்லை. எல்லா மூலிகைகளுக்கும் இப்படிப்பட்ட சோதனை வேண்டும் என்பேன்.

தாவரத்திலிருந்து மருந்து பிறப்பதும் உண்டு. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவின் ஷிகிமிக் அமிலம், ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரைக்கு மூலப்பொருள். பல வேதிப்படிகள் தாண்டித்தான் அது மருந்தாகிறது. அன்னாசிப்பூக் கஷாயத்தில் அந்த மருந்து கிடையாது.

காய்ச்சல் வந்தால்

முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 எனும் டெங்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சலைத் தணிக்கப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சாறோ கஷாயமோ குடித்திருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.