அவசர சிகிச்சைக்கு எந்தச் சான்றிதழ்?

நள்ளிரவு நேரம். அமெரிக்க நகரம் ஒன்றின் மருத்துவமனை. அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒரு தாய் ஓடி வருகிறாள். கையில் 2 வயதுக் குழந்தை. மூச்சு விடத் திணறுகிறது. பின்னாலேயே ஆம்புலன்சில் 70 வயது முதியவர் ஒருவர். அவருக்கும் மூச்சுத் திணறல்தான். அங்கே பணியில் இருப்பவர் ஒரு 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் அவரே சிகிச்சை அளிக்கலாமா?

நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் யார்? நர்சாகத் தேறியபின் மேற்படிப்பும் முடித்து, நோயைக் கண்டறியவும் மருந்து எழுதித் தரவும் தகுதி பெற்றவர். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இப்பயிற்சியைத் தொடங்கி வைத்தனர்.

இவர்களுக்கான சான்றிதழ்கள் பல வகைப்படும். எந்த வயதினருக்கு, எவ்வளவு கடுமையான நோய்க்கு என்பதைப் பொறுத்துப் பயிற்சி மாறும். குடும்ப மருத்துவச் சான்றிதழ் பெற்றவர் பச்சிளங் குழந்தை முதல் முதியவர் வரை எல்லோரையும் பார்க்கலாம். ஆனால் அவர் கற்றது பெரும்பாலும் அன்றாட நோய்களுக்கான மருத்துவமே. வளர்ந்தோர் தீவிர சிகிச்சைச் சான்றிதழ் பெற்றவரோ, உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களைக் கவனிக்கப் பழகியவர். ஆனால் சிறு குழந்தைகள் அவருடைய எல்லைக்குள் வரமாட்டார்கள்.

"குழந்தை என்றால் சிறிய உருவில் உள்ள பெரியவர்தானே?" என்று கேட்கிறீர்களா? இல்லை! குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது. ஒரு குழாயின் ஆரம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்கு அதில் ஏற்படும் தடை 16 மடங்காகும். எனவே, பெரியவர் தாங்கிக்கொள்ளும் சிறு வீக்கம்கூடக் குழந்தையின் உயிரைப் பறித்துவிடலாம். மருந்தின் அளவையும் குழந்தையின் எடையைப் பார்த்தே கணக்கிட வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. குடும்ப மருத்துவச் சான்றிதழ் பெற்றவர், அவசர சிகிச்சையில் தனிப் பயிற்சியோ அனுபவமோ பெற்று, மேலும் ஒரு தேர்வு எழுதலாம். அவசர சிகிச்சைக்கான இத்தேர்வு 2017-இல் தொடங்கியது. ஆயினும், எந்த வேலையை யார் செய்யலாம் என்பதை மாநிலச் சட்டமும் மருத்துவமனையின் விதிகளுமே முடிவு செய்கின்றன.

மாணவ நண்பர்களே, அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் யாரும் வயது கேட்டு உள்ளே விடுவதில்லை. அப்படியானால், அங்கே பணியாற்ற விரும்பும் நர்ஸ் எந்தச் சான்றிதழைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? அந்தத் தாயையும் முதியவரையும் மனத்தில் நிறுத்தி, நீங்களே சொல்லுங்கள் பார்க்கலாம்!