பள்ளியில் அயல்மொழி: மணிக்கணக்கு சொல்லும் தீர்ப்பு

பள்ளியில் பிரெஞ்சோ ஜெர்மனோ ஜப்பானிய மொழியோ படிப்பதால் பயன் உண்டா? இதற்கு ஆசையை வைத்தும் பதில் சொல்லக்கூடாது, வெறுப்பை வைத்தும் சொல்லக்கூடாது. எத்தனை மணி நேரம் போகிறது, என்ன கைக்கு வருகிறது என்று எழுதிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தேவைப்படும் அளவு

ஐரோப்பிய அளவுகோலில் மொழித் திறனுக்கு ஏ1 முதல் சி2 வரை 6 படிகள் உண்டு. ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனம் 45 நிமிட வகுப்புகளாகக் கணக்கிட்டுச் சொல்வது இது:

ஏ2 – 200 முதல் 350 வகுப்புகள்
பி1 – 350 முதல் 650
பி2 – 600 முதல் 800

பி1 இருந்தால் அன்றாடப் பேச்சைச் சமாளிக்கலாம். ஜெர்மனியில் முழுத் தகுதி பெற்ற செவிலியராகப் பணியாற்றப் பொதுவாக பி2 கேட்கிறார்கள்.

பள்ளி தரும் அளவு

வாரம் 4 பாடவேளை, பாடவேளைக்கு 40 நிமிடம், ஆண்டுக்கு 35 வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 140 பாடவேளை வரும். அதை 45 நிமிட வகுப்புகளாக மாற்றினால்:

பிளஸ் ஒன், பிளஸ் டூ (2 ஆண்டு) – 249 வகுப்புகள்
6 முதல் 8 வரை (3 ஆண்டு) – 373
6 முதல் 10 வரை (5 ஆண்டு) – 622

ஐந்தாண்டு இடைவிடாமல் படித்தால் பி2 தொடங்கும் எல்லைக்கே பள்ளி கொண்டுபோய்விடும். அப்படியானால் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஏன் நான்கு வாக்கியம் பேசத் திணறுகிறது?

வாய் திறக்கும் நேரம்

வகுப்பில் 40 பேர். பாடவேளையில் பாதியை ஆசிரியர் எடுத்துக்கொண்டால் மீதி 20 நிமிடம். அதை 40 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 30 நொடி. ஆண்டு முழுவதும் சேர்த்தால் 70 நிமிடம். ஐந்தாண்டுக்கு 5 மணி 50 நிமிடம். 466 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை பேசிய நேரம் 6 மணிகூட இல்லை. இழப்பு இங்கேதான் நடக்கிறது.

அதே 20 நிமிடத்தில் 40 பேரையும் இருவர் இருவராகப் பேசவிட்டால் ஆளுக்கு 10 நிமிடம் கிடைக்கும். ஆண்டுக்கு 23 மணி 20 நிமிடம். ஐந்தாண்டுக்கு 116 மணி 40 நிமிடம். பேச்சு 20 மடங்கு கூடுகிறது. இதற்குப் புது ஆசிரியர் வேண்டாம், புதுக் கட்டணமும் வேண்டாம்.

வரவு

மதிப்பெண்ணுக்காகப் படிப்பவர்களின் கணக்கை முதலில் பார்ப்போம். பிளஸ் டூவில் மொத்தம் 600 மதிப்பெண். அதில் மொழிப்பாடம் 100. தமிழ்நாட்டுப் பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிக்கு 0. பிரெஞ்சில் எடுத்த 99 அங்கே எடுபடாது. தமிழை விட்டு அந்த 99ஐ வாங்கியவர் பிறகு டிஎன்பிஎஸ்சி எழுதப் போனால், தமிழ்த் தகுதித் தேர்வில் 40 விழுக்காடு கட்டாயம்.

சம்பளக் கணக்கு கொஞ்சம் மேல். அமெரிக்கப் பட்டதாரிகளைப் பற்றி ஆல்பர்ட் சாயிஸ், எலெனா சொய்டோ இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாவது மொழி பேசுவோருக்கு ஊதியம் 2 முதல் 3 விழுக்காடு கூடுதல். நம் ஊர்ச் சந்தை வேறு. ஆனாலும் பெரிய தொகை இல்லை என்பது புரியும்.

பெரிய வரவு வேலைவாய்ப்பில் இருக்கிறது. இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. ஜப்பான் 2019இல் தொடங்கிய குறிப்பிட்ட திறன் விசாவுக்குப் பெரும்பாலும் ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 அளவுத் தேர்ச்சி போதும். ஆனால் இந்தக் கதவுகள் படியை எட்டியவருக்கு மட்டுமே திறக்கும். பாதி வழியில் நின்றவருக்கு 2 விழுக்காடுகூட உறுதியில்லை.

பாதியில் நிற்பதன் விலை

2011இல் கேந்திரிய வித்யாலயாக்களில் ஜெர்மன் மூன்றாம் மொழியாக வந்தது. 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவிலேயே, அந்த இடத்திலிருந்து நீக்கப்பட்டது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படித்த சுமார் 70,000 மாணவர்கள் பாதியில் மொழி மாற வேண்டியதாயிற்று. கொள்கை எதுவானாலும், அந்தப் பிள்ளைகள் செலவிட்ட மணிகளை யாரும் திருப்பித் தரவில்லை.

தீர்ப்பு

இரண்டு ஆண்டு, மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால் அயல்மொழி நட்டம். அந்த நேரத்தில் தமிழையே ஆழமாகப் படிக்கலாம். இடைவிடாத ஐந்தாண்டு, ஒவ்வொரு பாடவேளையிலும் பேசவிடும் வகுப்பு, முடிவில் வெளித் தேர்வு என்றால் லாபம். பெற்றோரே, பள்ளியில் சேர்க்கும்போது எந்த மொழி என்று கேட்பதோடு நிற்காதீர்கள். எத்தனை ஆண்டு தொடரும், பாடவேளைக்கு என் பிள்ளை எத்தனை நிமிடம் பேசும், எந்தப் படியில் தேர்வு எழுதும் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் எண்ணில் பதில் வந்தால் மட்டும் சேருங்கள்.